கோடியக்கரையில் பாடும் பறவைகளுக்குக் கால்வளையம் இன்னும் தேவையா?

நெய்தல்வாசி:
புரட்டாசி பிறந்துவிட்டால் கோடியக்கரைக் காட்டில் ஆறுமணிக் குருவியும் கொடிக்கால் வாலாட்டியும் நாணல் கதிர்க்குருவியும் வந்து இறங்கத் தொடங்குகின்றன. இவற்றை மெல்லிய மிஸ்ட் வலையில் பிடித்து, அளந்து, காலில் எண் பொறித்த வளையம் பூட்டி விடும் பணி அங்கே 1960களிலிருந்து அவ்வப்போது நடந்து வருகிறது. உள்ளான் போன்ற கரைப்பறவைகளுக்கு வளையமிடுவதை நான் மறுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள சிறு பறவைகளை இன்னமும் வலையில் பிடிக்கத்தான் வேண்டுமா என்பதே என் கேள்வி.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, சாலிம் அலியின் வழிகாட்டலில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இதைப் பெரிய அளவில் தொடங்கியதற்குத் தெளிவான காரணம் இருந்தது. 1957இல் கர்நாடகத்தில் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் வெளிப்பட்டிருந்தது. வலசைப் பறவைகள் உண்ணிகளின் வழியாக அக்கிருமியைச் சுமந்து வருகின்றனவா என்று அறிய வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது. இங்கே வளையமிட்ட வாத்துகள் சைபீரியாவரை போனது தெரிந்ததென்றால், அவற்றைச் சுட்ட வேட்டைக்காரர்கள் வளையத்தைக் கண்டு தெரிவித்ததும் அதற்கு ஒரு காரணம். கதிர்க்குருவியை யார் சுடப்போகிறார்கள்? கஜகஸ்தானில் ஏதோ ஒரு புதரடியில் அது செத்தால் வளையமும் அதோடு மண்ணுக்குள் போகிறது.

வலையாள்:
நெய்தல்வாசி அவர்கள் வளையத்தை ஒரு தபால் முகவரியாக மட்டும் பார்க்கிறார். மூன்று பருவங்கள் தன்னார்வலனாக வளையமிடும் பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொலைவிலிருந்து வரும் சேதி கூடுதல் வருமானம்தான், அசல் விளைச்சல், பறவை கையில் இருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் கிடைக்கிறது. கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பதமாக வைத்துப் பறவையை மல்லாக்கப் பிடித்து, மார்பு இறகுகளை வாயால் மெல்ல ஊதினால், காறை எலும்புக் குழியில் தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். குழி வெறுமையாக இருந்தால் பறவை சேமிப்பைச் செலவழித்துவிட்டு வந்திருக்கிறது என்றும், மேடிட்டிருந்தால் அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாக இருக்கிறது என்றும் கொள்ளலாம். அதே வளைய எண் பத்து நாள் கழித்து மீண்டும் வலையில் விழுந்தால், அந்தக் காடு அதற்கு எத்தனை கிராம் ஊட்டியது என்பது தராசில் தெரிந்துவிடும். எந்தத் தொலைநோக்கியும் இதைக் காட்டாது.

இன்னொன்றும் உண்டு. நாணல் கதிர்க்குருவிகளில் பல இனங்களைச் சிறகு இறகுகளின் நீள வரிசையை அளந்து பார்த்தே உறுதியாகப் பிரிக்க முடியும். பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி என்று ஒன்று. 1867இல் சட்லஜ் பள்ளத்தாக்கில் கிடைத்த ஒரே ஒரு பாடம் செய்த உடலை வைத்துத்தான் உலகம் அதை அறிந்திருந்தது. 2006 மார்ச்சில் தாய்லாந்து வளைகுடாக் கரையில், லேம் பாக் பியாவில் வளையமிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் கையில் அது உயிரோடு வந்து சேர்ந்தது. இறகிலிருந்து எடுத்த மரபணு அதை உறுதி செய்தது. அன்று அங்கே வலை கட்டாமல் இருந்திருந்தால், அது புதரோடு புதராகப் போயிருக்கும்.

தொலைநோக்கி:
இப்போது ஆயிரக்கணக்கானோர் செயலிகளில் பார்வைப் பட்டியல் ஏற்றுகிறார்கள். எந்த இனம் எந்த வாரம் வருகிறது என்பது அதிலேயே கிடைத்துவிடுகிறது. பாதைதான் தெரிய வேண்டுமென்றால், பகல் வெளிச்சத்தின் அளவைப் பதிந்து இருந்த இடத்தைக் கணிக்க உதவும் ஒளிப்பதிவுக் கருவியோ ரேடியோ பட்டையோ பொருத்தலாமே?

வலையாள்:
அவற்றைப் பொருத்தவும் பறவையை வலையில்தான் பிடிக்க வேண்டும். அதிலும் ஒளிப்பதிவுக் கருவி தகவலை அனுப்பாது. தன்னுள்ளேயே சேர்த்து வைத்திருக்கும். ஆகவே அதே பறவையை அடுத்த ஆண்டு இன்னொரு முறை பிடித்தாக வேண்டும். வலையின் தொல்லை குறையவில்லை, இரட்டிப்பாகிறது.

நெய்தல்வாசி:
தொல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் பார்த்ததையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு கரையில் (ஊர் பெயர் வேண்டாம்), பதினோரு மணி வெயிலில் வலை திறந்தே கிடந்தது. பயிற்சிக்கு வந்த மாணவர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். வலையில் தொங்கிய கதிர்க்குருவியின் மண்டையை ஒரு பழுப்புக் கீச்சான் நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தது. ஓடிப்போய் விரட்டினேன், பயனில்லை. அன்றைய பதிவேட்டில் அந்தப் பறவைக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அரச பெங்குவின்களின் துடுப்பில் பட்டை மாட்டியதைப் பற்றி 2011இல் வெளியான பத்தாண்டு ஆய்வு, பட்டை மாட்டியவை 39 விழுக்காடு குறைவாகவே குஞ்சு ஈன்றன என்றும், அவற்றின் உயிர்பிழைப்பு விகிதம் 16 விழுக்காடு குறைந்தது என்றும் காட்டியது. அதற்கு முன்பு பல பத்தாண்டுகள் 'தீங்கில்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வலையாள்:
கீச்சான் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். அரை மணிக்கு ஒருமுறையாவது வலையைச் சுற்றி வராதவர் வலை கட்டவே கூடாது. ஆனால் பெங்குவின் கதை இங்கே பொருந்தாது. நீந்தும்போது நீரைக் கிழிக்கும் துடுப்பில் மாட்டிய பட்டை அது. காலில் தளர்வாகச் சுழலும் வளையத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு? கதிர்க்குருவிக்குப் போடும் வளையம் அதன் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வலையில் ஏற்படும் இழப்பைப் பற்றி 2012இல் அமெரிக்கா, கனடா வளைய அமைப்புகளின் லட்சக்கணக்கான பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள்: காயம் 0.59 விழுக்காடு, இறப்பு 0.23 விழுக்காடு.

நெய்தல்வாசி:
அந்த 0.23, இறந்ததை எழுதி வைத்தவர்களின் கணக்கு. நான் பார்த்த பறவை எந்தக் கணக்கிலும் இல்லையே!

உப்பளத்தான்:
வேதாரண்யத்துக்காரன் என்பதால் குறுக்கிடுகிறேன். பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார்கள் இங்கே பறவை பிடித்துக் கொடுத்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் கதையாகச் சொல்வார்கள். பிடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்களின் கையில் இறகு ஒன்றும் உதிராது என்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பாலை மரங்கள் வேரோடு சாய்ந்தன. சீமைக் கருவேலம் ஏற்கெனவே உள்ளே புகுந்திருக்கிறது. வரும் பறவைக்கு இந்தக் காட்டில் இன்னும் சோறு இருக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அது சைபீரியா போனால் என்ன, ஸ்ரீலங்கா போனால் என்ன?

வலையாள்:
இதைத்தான் நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கருவேலம் மண்டிய பகுதியில் நான்கு வலை, பாலை, உகா மரங்கள் நிற்கும் பகுதியில் நான்கு வலை. இரண்டிலும் மறுபடி பிடிபடும் பறவைகளின் எடையை ஒப்பிட்டால் விடை கிடைக்கும். கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். அதைக் கடக்கப் பெரிய சேமிப்பு தேவையில்லை. ஆகவே இங்கே தங்கிக் கொழுக்கும் பறவை கடலுக்கு அஞ்சிக் கொழுக்கவில்லை, காடு கொடுப்பதால் கொழுக்கிறது.

நெய்தல்வாசி:
இந்தக் கேள்விக்கு வலை கட்டுவதென்றால் என் எதிர்ப்பைப் பாதி தளர்த்துகிறேன், பாதி மட்டுமே. ஆண்டுதோறும் அதே இடம், அதே நீள வலை, அதே நேரம் என்று இருக்க வேண்டும். நிதி வந்த ஆண்டில் முகாம், வராத ஆண்டில் பூட்டு என்றால் எந்த ஒப்பீடும் நிற்காது. இறந்த ஒவ்வொரு பறவையும் பிடிபட்ட எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே வெளியிடப்பட வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வலையைச் சுருட்ட வேண்டும்.

வலையாள்:
ஒன்பது மணிக்கு நான் உடன்படுகிறேன். ஆனால் ஆறுமணிக் குருவி அந்தி வேளையிலும் நடமாடுவது. மாலையில் ஒரு மணி நேரமாவது வேண்டும்.

உப்பளத்தான்:
அது தரையில் சருகைக் கிளறித் திரியும் பறவை, வலையின் அடித்தட்டில்தான் விழும். மாலையில் அங்கே கீரி சுற்றும். அடித்தட்டைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் எத்தனை குருவி உங்களுக்குக் கிடைக்கும் என்று முதலில் சொல்லுங்கள்.