டிரைவர் இல்லாத டாக்ஸி பக்கத்துல சைக்கிள் ஓட்டினவங்க அனுபவத்த சொல்லுங்க

மிஷன்_மிதிவண்டி:
நான் சான் பிரான்சிஸ்கோ, ஆபீஸுக்கு சைக்கிள்தான். 2023 ஆகஸ்ட்ல டிரைவரே இல்லாம நாள் முழுக்க காசு வாங்கி ஓட்டலாம்னு அனுமதி குடுத்ததுல இருந்து, தலையில கொப்பரைய கவுத்து வச்ச மாதிரி ஒண்ணு சுத்திட்டே வர்ற கார் இல்லாத சிக்னலே இல்ல. பின்னாடி வந்தா எனக்கு பயமே கிடையாது, கலிஃபோர்னியா சட்டப்படி சைக்கிள ஓவர்டேக் பண்ணா மூணு அடி தள்ளிப் போகணும், மனுஷங்க எவன் அத மதிக்கறான், இது மதிக்குது, இடம் இல்லன்னா பேசாம பின்னாடியே வரும், ஹாரன் கிடையாது ஒண்ணும் கிடையாது.

கடுப்பு எங்கன்னா அது நிக்கும்போது. ஆள் ஏத்த சைக்கிள் லேன்லயே வந்து நின்னுடுது, நான் தலைய திருப்பி பாத்து கார் லேனுக்குள்ள பூந்து போகணும். கண்ணாடிய தட்டி நாலு வார்த்தை கேக்கலாம்னா உள்ள ஸ்டீரிங் தானா ஆடிட்டு இருக்கு. யார்கிட்ட சண்டை போடுவேன்?

ஹில்ஸ்_கோபி:
ப்ரோ கரெக்ட். ஆனா என் அனுபவத்துல நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு இருக்கற முக்குதான் பெரிய தலைவலி. மனுஷன்னா தலைய ஆட்டுவான், கைய காட்டுவான், நாம போயிடுவோம். இது லேசா நகரும், நான் நகந்தா நிக்கும், நான் நின்னா திரும்ப நகரும். 2015ல ஆஸ்டின்ல ஒருத்தர் கால கீழ ஊனாம பெடல்லயே பேலன்ஸ் பண்ணி நின்னுருக்கார், அப்ப டெஸ்ட்ல இருந்த கூகுள் கார், அவர் ஒரு இன்ச் ஆடினாலும் கிளம்பிட்டார்னு நெனச்சு பிரேக் போட்டுட்டே இருந்துச்சாம். நான் இப்பல்லாம் ஒரு கால நல்லா தெரியற மாதிரி ரோட்ல ஊனிடறேன், உடனே கிளம்பி போயிடுது.

இன்னொண்ணு, 2024 பிப்ரவரில இதே ஊர்ல பொட்ரேரோ ஹில் ஏரியால 17வது ஸ்ட்ரீட் முக்குல வேமோ கம்பெனியோட டிரைவர் இல்லாத கார் ஒரு சைக்கிள்காரர இடிச்சது ஞாபகம் இருக்கா? எதிர்ல ஒரு பெரிய லாரி கிராஸ் பண்ணிருக்கு, அது பின்னாடி ஒட்டியே வந்தவர் லெஃப்ட் திரும்பிருக்கார், லாரி மறைச்சதால காருக்கு தெரியல, முழுசா தெரிஞ்சப்புறம்தான் பிரேக் அடிச்சிருக்கு. நல்லவேளை சிராய்ப்போட போச்சு. கேமரா ரேடார்னு எத்தன வச்சாலும் லாரிய ஊடுருவிப் பாக்க முடியாதுல்ல.

பாலைவன_பையன்:
நான் டெம்பில படிக்கறேன், அரிசோனா. 2018 மார்ச்ல இங்கதான் ஊபரோட டெஸ்ட் கார் ராத்திரில சைக்கிள தள்ளிட்டு ரோட்ட கிராஸ் பண்ண அம்மாவ மோதி அவங்க இறந்துட்டாங்க. விசாரணை ரிப்போர்ட்ட படிச்சா வயித்த கலக்கும். கார் அவங்கள 5.6 செகண்ட் முன்னாடியே பாத்துருச்சு. ஆனா ஒரு தடவ வண்டிங்குது, ஒரு தடவ ஏதோ பொருள்ங்குது, ஒரு தடவ சைக்கிள்ங்குது, ஒவ்வொரு தடவ பேர் மாத்தும்போதும் அதுவரைக்கும் அவங்க எந்தப் பக்கம் நகந்தாங்கங்கற கணக்க தூக்கிப்போட்டுட்டு புதுசா ஆரம்பிச்சிருக்கு. கார கண்காணிக்க உள்ள உக்காந்திருந்த ஆள் ஃபோன்ல டிவி ஷோ ஓடவிட்டு இருந்திருக்காங்க. இப்ப ஓடற காரெல்லாம் அத விட எவ்வளவோ தேறிடுச்சு, ஒத்துக்கறேன். இருந்தாலும் ராத்திரி சைக்கிள தள்ளிட்டு நடந்தா நான் சிக்னல் இருக்கற இடத்துலதான் கிராஸ் பண்ணுவேன்.

கூடை_சைக்கிள்:
தம்பி சொன்னத படிச்சு கை நடுங்குது. எனக்கு பயம் கார் மேல இல்லங்க, உள்ள உக்காந்திருக்கறவங்க மேலதான். சைக்கிள் வருதுன்னு ஸ்கிரீன்ல காட்டும், வாயாலயும் சொல்லும், இவங்க ஃபோன பாத்துட்டே டபக்குனு கதவ தொறப்பாங்க. போன வாரம் வேலன்சியா ஸ்ட்ரீட்ல கதவு முனை என் ஹேண்டில் பார உரசிருச்சு, அந்தப் பொண்ணு சாரி சாரின்னு சொல்லுது, கதவு இன்னும் தொறந்தே கெடக்கு.

மிஷன்_மிதிவண்டி:
அக்கா, கதவு தொறக்கற தூரம் விட்டே ஓட்டுங்க, லேன் கோட்டுல போனாலும் பரவால்ல. டிரைவரே இல்லாத கார் தப்பு பண்ணா ஃபைன் யாருக்கு போடுவாங்கன்னு யாரோ தனியா கேட்டிருந்தீங்க, பார்க்கிங் டிக்கெட் இப்பவே வைப்பர்ல சொருகலாம், ஓட்டும்போது பண்ற தப்புக்குத்தான் டிக்கெட்ட கைல குடுக்க ஆள் இல்லாம இருந்துச்சு, 2024ல போட்ட சட்டப்படி 2026 ஜூலைல இருந்து கம்பெனிக்கே நோட்டீஸ் போகும். மார்க்கெட் ஸ்ட்ரீட்ல 2020லயே தனியார் கார நிறுத்தி நமக்கு விட்டாங்க, 2025ல இதுங்கள உள்ள விட்டுட்டாங்க. அங்க டெய்லி ஓட்டறவங்க யாராச்சும் இருக்கீங்களா, சாயங்காலம் எப்படி இருக்கு?