நுனி வளைந்தால் வேகம் குறையுமா?

கடுங்காற்று:
“ஜி10 ஃபினின் நுனி வளையும், நுனி வளைந்தால் வேகம் குறையும், கார்பன் வாங்க மனம் வராதவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம்தான் ஜி10.” பாய் கட்டிக் காற்றில் ஓட்டும் விண்ட்சர்ஃபிங் பலகையின் அடியில், நீருக்குள் நிற்கும் துடுப்பான ஃபினைப் பற்றி வெண்ணுரை நேற்று இப்படித் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஐயா, ஜி10 என்பது கண்ணாடியிழைத் துணியை எபாக்சிப் பிசினோடு அடுக்கி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிய தகடு. அதிலிருந்து இயந்திரம் ஃபினை வெட்டி எடுக்கிறது. ஒரே வடிவில் வெட்டிய இரண்டு ஃபின்கள் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். உங்கள் கார்பன் ஃபின் கார்பன் இழைகளை அச்சில் கையால் அடுக்கிச் செய்வது; அடுக்கியவரின் கை அன்று எப்படியோ, ஃபினும் அப்படி.

நுனி வளைவதில் என்ன குறை? பலகை நழுவாதபடி ஃபின் காற்று வரும் பக்கமாகத் தள்ளுகிறது. அந்தச் சுமையில் நுனியும் அதே பக்கம் வளைகிறது. வளைந்த பகுதியின் விசையில் ஒரு பங்கு மேல்நோக்கித் திரும்பிப் பலகையைத் தூக்குகிறது. நீரில் உரசல் குறைந்தால் வேகம் கூடுமா, குறையுமா? நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

வெண்ணுரை:
தூக்குகிறதாம்! ஃபினின் வேலை பக்கவாட்டு விசை தருவது. அதில் ஒரு பங்கை மேலே திருப்பினால் பக்கவாட்டுக்கு மிச்சம் என்ன? எதிர்க்காற்றில் ஏறும்போது உங்கள் பலகை நண்டுபோல நழுவுவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2015இல் நமீபியாவின் லூடரிட்ஸில், வேக ஓட்டத்துக்கென்றே வெட்டிய கால்வாயில், பிரெஞ்சு விண்ட்சர்ஃபிங் வீரர் ஆன்டோயின் அல்போ 500 மீட்டரை 53.27 நாட் (மணிக்கு ஏறக்குறைய 99 கி.மீ.) வேகத்தில் கடந்து சாதனை படைத்தார். அங்கே போய் நுனி ஆடும் ஃபினை மாட்டச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள்.

கடுங்காற்று:
கால்வாய், தட்டை நீர், ஒரே திசை, குட்டி ஃபின். குட்டி ஃபின் எதில் செய்தாலும் பெரிதாக வளையாது. நாம் பேசுவது 40 செ.மீ.க்கு மேற்பட்ட ஸ்லாலம் ஃபின்களைப் பற்றி, மிதவைகளைச் சுற்றித் திரும்பி ஓடும் பந்தயத்துக்கானவை. சாதனையைக் காட்டினால் வாயடைத்துப் போவேன் என்று நினைத்தீர்களா? நுனி வளைந்தால் வேகம் குறையும் என்பதற்கு ஆதாரம் எங்கே?

அமைதிக்கடல்:
நண்பர்களே, இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். நீளவாக்கில் வளைவது ஒன்று. நுனி திருகிக்கொள்வது வேறொன்று. பின்னோக்கிச் சாய்ந்த ஃபின் சுமையில் வளையும்போது நுனி நீரைச் சந்திக்கும் கோணமும் குறைகிறது. பலத்த காற்றில் பலகை அடங்கி ஓடுவது அதனால்தான். கார்பனில் நீளவாக்கு இழைகள் வளைவையும், 45 டிகிரி சாய்ந்த இழைகள் திருகலையும் கட்டுப்படுத்தும். வெளிவடிவத்தைத் தொடாமலே உள்ளடுக்கை மாற்றி இரண்டையும் தனித்தனியாகத் திருத்தலாம். ஜி10இல் அந்த வசதி இல்லை. தகடு ஒன்றே, மென்மை வேண்டுமென்றால் தடிமனைக் குறைக்க வேண்டும், தடிமன் மாறினால் நீரோட்டமும் மாறிவிடும். இதை முதலில் பிரித்துக்கொண்டால்…

வெண்ணுரை:
பார்த்தீர்களா, அமைதிக்கடலும் கார்பன் பக்கம்தான்.

கடுங்காற்று:
அவர் எந்தப் பக்கமும் இல்லை. எப்போதும் இப்படித்தான், நடுவில் நின்று பாடம் எடுப்பார். வளைவு, திருகல், எதுவாகவும் இருக்கட்டும். அகலப் பலகையும் பெரிய பாயும் கொண்ட ஃபார்முலாப் பந்தயத்தின் 70 செ.மீ. கார்பன் ஃபின்கள் வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்படுகின்றன. விறைப்பாகச் செய்யத் தெரியாமலா? வளைந்தால் பலகை எழும்புகிறது, அதனால்! நுனி வளைவது வேக இழப்பு என்றால் அவர்கள் எல்லோரும் முட்டாள்களா?

வெண்ணுரை:
அதாவது மிகச் சிறந்த வளைவும் கார்பனில்தான் கிடைக்கிறது என்கிறீர்கள். நன்றி.

கடுங்காற்று:
நான் சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள்.

புதுப்பாய்:
வணக்கம். நான் புதியவன். 7.5 சதுர மீட்டர் பாய்க்கு எந்த அளவு ஃபின் சரியாக இருக்கும்?

கடுங்காற்று:
அளவு பிறகு. முதலில் நுனி வளைந்தால் வேகம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உப்புத்தாள்:
யாருமே ஃபினின் முன்விளிம்பைப் பற்றிப் பேசவில்லை. பாறையில் உரசிய சின்னக் கீறல் போதும். நீரோட்டம் அங்கேயே பிரிந்து ஸ்பின் அவுட் ஆகும், பின்காலுக்கு அடியில் பலகை விலகி ஓடும். கார்பனா ஜி10ஆ என்று கீறல் கேட்காது. எபாக்சி வைத்து அடைத்து, 400ஆம் எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேயுங்கள். முகமூடி போடாமல் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வெண்ணுரை:
400 போதாது. 1000.

உப்புத்தாள்:
கண்ணாடிபோல மினுக்கி வைத்தால் வேகம் வந்துவிடும் என்பது ஒரு மூடநம்பிக்கை. இதைப் போன மழைக்காலத்திலேயே உங்களிடம் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை.

கடுங்காற்று:
ஸ்பின் அவுட் என்றதும் நினைவுக்கு வருகிறது. வெண்ணுரை எனக்கு விற்ற கார்பன் ஃபினின் தலை என் பலகையின் டட்டில் பெட்டியில், அதாவது ஃபினைச் செருகும் குழியில், முழுதாக உட்காரவே இல்லை. பலகைக்கும் ஃபினுக்கும் நடுவே இடைவெளி. அந்த வழியாகக் காற்றை உறிஞ்சி ஒவ்வொரு ஓட்டத்திலும் ஸ்பின் அவுட். “நீங்கள் பின்காலால் உதைக்கிறீர்கள்” என்று எனக்கே பாடம் வேறு. இவர்தான் இங்கே பொருளின் தரம் பேசுகிறார்.

வெண்ணுரை:
ஃபின் நேராகத்தான் இருந்தது. உங்கள் பெட்டிதான் கோணல். இன்னொரு பலகையில் போட்டுக் காட்டுகிறேன் என்றேன், நீங்கள் வரவில்லை.

உப்புத்தாள்:
டட்டில் தலையை லேசாகத் தேய்த்துப் பொருத்த வேண்டும். அதைக்கூடச் செய்யாமல்…

கடுங்காற்று:
காசு கொடுத்து வாங்கிய ஃபினை நான் எதற்குத் தேய்க்க வேண்டும்?

அமைதிக்கடல்:
புதுப்பாய் அவர்களே, ஸ்லாலம் பலகை என்றால் 42 முதல் 44 செ.மீ. வரை பாருங்கள். பலகை அகலமானால் இன்னும் கொஞ்சம் நீளம். பாசி மிகுந்த நீர் என்றால் நன்றாகப் பின்சாய்ந்த பாசி ஃபின் தனியாக வேண்டும்.

புதுப்பாய்:
நன்றி ஐயா. கார்பனா, ஜி10ஆ?

வெண்ணுரை:
கார்பன்.

கடுங்காற்று:
ஜி10. நுனி வளையட்டும், பலகை எழும்பும். கார்பன்தான் வேண்டும் என்றால் வெண்ணுரையிடம் வாங்காதீர்கள்.

வெண்ணுரை:
அவர் இன்னும் அந்த ஃபினைத்தான் மாட்டி ஓட்டுகிறார். போன வாரம் நானே கண்ணால் பார்த்தேன்.

கடுங்காற்று:
பேச்சை மாற்றாதீர்கள். நுனி வளைந்தால் வேகம் குறையும் என்றீர்களே, ஆதாரம் எங்கே?