ஃபெங் சுயி: மலையையும் நீரையும் நேரில் கண்ட அனுபவங்கள்

ஹாங்காங்கில் வசிக்கும் உறுப்பினர் எழுதியது:

ஃபெங் சுயி என்றால் ‘காற்று, நீர்’ என்று பொருள்; குடியிருக்கும் இடத்தை மலை, நீர், காற்று ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்து அமைக்கும் சீன மரபு அது. அதன் பெயரில் நம் ஊர்க் கடைகளில் விற்கப்படும் மூன்று கால் தவளையையும் சிரிக்கும் புத்தரையும் மட்டுமே அறிந்தவர்கள், ஹாங்காங்கின் வடகிழக்குக் கோடியிலுள்ள லாய் சி வோ என்ற, ஹக்கா எனும் சீன இனக்குழுவினரின் சிற்றூரை ஒருமுறை பார்க்க வேண்டும். வார இறுதிகளில் மா லியு சுய் படகுத்துறையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். ஓட்டு வீடுகளின் வரிசைகளுக்குப் பின்னால், மலைச்சரிவில், பிறை வடிவில் அடர்ந்த காடு ஒன்று நிற்கிறது. அதில் மரம் வெட்ட ஊரார் தலைமுறை தலைமுறையாக விட்டதில்லை.

அங்கிருந்த முதியவர் ஒருவர் வயல் வரப்பில் நின்றபடியே ஊரின் அமைப்பை விளக்கினார். இம்மரபு காவல் விலங்குகளாகக் கருதுபவற்றில், பின்புற மலை கருப்பு ஆமை, இடப்பக்க மேடு நீல டிராகன், வலப்பக்க மேடு வெள்ளைப் புலி. முன்னால் வயலும் கடலுமாகத் திறந்த வெளி. ஃபெங் சுயி பார்ப்பவர்கள் சிலர் கணக்கில் கொள்ளும் திசைமானியையோ பிறந்த நேரத்தையோ அவர் குறிப்பிடவே இல்லை. உயிர்ச்சக்தியைக் காற்று கலைத்துவிடும், நீர் நிறுத்திவைக்கும் என்ற பழைய கோட்பாட்டை ஏற்பது அவரவர் விருப்பம். ஆனால் குளிர்கால வடகாற்றை அந்தக் காடு தடுப்பதும், சூறாவளி மழையில் சரிவின் மண் வீடுகள்மேல் இறங்காதபடி வேர்கள் பிடித்துவைப்பதும், ஓடை நீர் வயலுக்கு வந்து சேர்வதும் எவருக்கும் விளங்கக்கூடியவை. இவ்வளவு நல்ல இடத்தை விட்டு 1960களில் இளைஞர்கள் ஏன் பிரிட்டனுக்குப் போனார்கள் என்று கேட்டேன். காற்றும் நீரும் நன்றாகத்தான் இருந்தன, நெல்லுக்குத்தான் விலையில்லை என்றார்.

பெய்ஜிங் சென்றுவந்த உறுப்பினர் எழுதியது:

பின்னால் மலையே இல்லாத சமவெளியில் என்ன செய்வார்கள் என்பதைப் பெய்ஜிங்கில் கண்டேன். 15ஆம் நூற்றாண்டில் மிங் வம்சத்தின் யோங்லே பேரரசர் அங்கே அரண்மனை கட்டியபோது, அகழி வெட்டிய மண்ணைக் குவித்து வடக்கே ஜிங்ஷான் குன்றை எழுப்பினார்கள். தெற்கு முற்றத்தில் பொன்னீர் ஓடையை வில்லாக வளைத்து ஓடவிட்டார்கள். குன்றின் உச்சியிலிருந்து மஞ்சள் கூரைகளைக் காட்டி, அரண்மனைக்குக் காவலான இடம் இது என்று பெருமையுடன் சொன்ன வழிகாட்டி, இறங்கும் வழியில், மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் சோங்ஜென் 1644இல் தூக்கிட்டுக்கொண்ட இடத்தையும் அதே குரலில் காட்டினார். கையால் செய்த மலையைவிட, லாய் சி வோவைப் போல இருக்கும் மலையைத் தேடிப் போய்க் குடியேறுவதே இம்மரபுக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். சியோலில் புகாக்சான் மலையடியிலுள்ள கியோங்போக்குங் அரண்மனையை இந்தக் கண்ணோடு பார்த்தவர்கள் இருந்தால் எழுத வேண்டுகிறேன்.