செடானா, சிறிய எஸ்யூவியா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை:
குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழி. ஊர் எல்லையில் ஊரார் தாங்களே போட்டுக்கொண்ட வேகத்தடை, வெள்ளைக்கோடுகூட இல்லை. எங்களுடையது செடான், பின்னால் தனி டிக்கி நீண்டிருக்கிற தாழ்ந்த கார். உள்ளே ஐந்து பேர், டிக்கியில் பொங்கல் பானையும் அரிசி மூட்டையும். முன்சக்கரம் ஏறி இறங்கியதுதான் தாமதம், வண்டியின் வயிறு தடைமேல் உட்கார்ந்து கரகரவென்று இழுபட்டது. அப்பா, "நிறுத்தப்பா, நாங்கள் இறங்கிக்கொள்கிறோம்" என்றார். எண்பதை நெருங்குகிற மனிதர், வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தடியை ஊன்றிச் சாலையோரம் நின்றார். டீக்கடை பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆளை இறக்கி வெறும் வண்டியை ஓட்டிய பிறகுதான் தடையைத் தாண்டியது. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அடுத்து உயரமான எஸ்யூவி வகைக் கார்தான் என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். நான்குவழிச் சாலையில் செடான் தருகிற அமைதியை விட்டுக்கொடுக்க எனக்கு மட்டும் மனம் வரவில்லை. மாறியவர்கள் சொல்லுங்கள்.

ஆழியாறு வாசி:
நான் மாறியவன். எங்கள் வீட்டிலும் இந்த வேகத்தடைக் கதைதான் காரணம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். பழைய செடானில் அந்த மலை முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்த பெண் என் மகள். புது வண்டியில் ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் காட்சிமுனை வருவதற்குள், "அப்பா, கார் ஆடுகிறது" என்றாள். நிறுத்துவதற்குள் வாந்தி. அவள் அம்மாவின் புடவையெல்லாம் பாழ். உயரமான வண்டி வளைவில் வெளிப்பக்கம் சாயத்தான் செய்யும். ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் பிடிமானம் இருக்கிறது, பின்சீட்டுக்காரருக்கு என்ன இருக்கிறது? இப்போது மலைக்குப் போகலாமா என்று கேட்டாலே குழந்தை முகம் வாடிவிடுகிறது.

பீளமேடு பட்டறை:
காவிரிக்கரை ஐயா, குறை உங்கள் செடானில் இல்லை, அந்த வேகத்தடையில் இருக்கிறது. இந்தியச் சாலைகள் பேரவையின் விதிப்படி தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய மேடாக இருக்க வேண்டும். நம் ஊர்களில் போடுவது ஒரு முழ அகலத்தில் குத்துச்சுவர். அதற்காகப் பிடித்த வண்டியை மாற்றுவது நியாயமே இல்லை.

அதோடு எல்லா செடானையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். ஹோண்டா சிட்டி செடானின் தரை இடைவெளி, அதாவது வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள உயரம், 165 மில்லிமீட்டர். ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா ஆகிய செடான்கள் இரண்டும் 179. சிறிய எஸ்யூவியான டாடா நெக்ஸான் 208. இது மட்டும் பார்த்தாலும் போதாது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் கூடக்கூட வயிறு இடிப்பதும் கூடும். சிட்டியில் அது 2,600 மில்லிமீட்டர், நெக்ஸானில் 2,498. ஐந்து பேர் ஏறி, டிக்கியும் நிரம்பினால் பின்பக்கம் தாழ்ந்து இடைவெளி இன்னும் குறைந்துவிடும். குத்துச்சுவர் மாதிரித் தடைகளைச் சற்றே சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஒருவர் செடானை உயர்த்துகிறேன் என்று ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவில் ரப்பர் துண்டு செருகிக்கொண்டு ஓட்டினார். பட்டறைக்கு வந்தபோது பார்த்தேன்: சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டான டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கமெங்கும் கறுப்பாகத் தெறித்திருந்தது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அதே வண்டியில்தான் திருச்செந்தூர் போய்வந்திருக்கிறார். இன்னமும் அதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வைகை மருமகள்:
பட்டறை அண்ணா, விதியில் என்ன இருந்தாலும் தடை அங்கேயேதான் இருக்கப்போகிறது. இறங்கி நிற்கிறவர் பெரியவர்தானே?

என் மாமியாருக்கு இரண்டு முழங்காலும் அறுவை சிகிச்சை ஆனவை. அத்தையை ஷோரூமுக்கே அழைத்துப் போனேன். முதலில் செடான். உட்காருவது எளிதாகத்தான் இருந்தது. எழ முடியவில்லை. நான் ஒரு கை, கணவர் ஒரு கை பிடித்துத் தூக்கினோம். அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டார். விற்பனைப் பிரதிநிதியோ அந்த நேரத்தில் மேற்கூரைக் கண்ணாடியைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்து சிறிய எஸ்யூவி. அத்தை கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார், அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார், ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்துக்கொண்டார். யாரும் தொடவில்லை. "இது நன்றாக இருக்கிறதம்மா" என்றார். சீட்டு இடுப்பு உயரத்துக்கு இருப்பதுதான் விஷயம். இன்னும் பெரிய எஸ்யூவி ஒன்றையும் பார்த்தோம். அதில் கால்வைக்கும் படி உயரம், புடவையோடு ஏறவே முடியவில்லை. ஆகவே உயரம் கூடினால் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது.

தாம்பரம் மேற்கு:
2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருக்காரர் ஒருவர் "எஸ்யூவிதானே" என்று முழங்கால் தண்ணீரில் இறக்கினார். நடுத்தெருவில் நின்றது. நாங்கள் கத்தக் கத்தச் சாவியைத் திருப்பினார். ஒரே ஒரு 'டக்'. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காற்று போகும் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் எந்த வண்டியானாலும் கதி ஒன்றுதான். நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, தள்ளித்தான் கொண்டுவர வேண்டும்.

இனி வாங்கப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. வரம்புக்குள் எஞ்சினும் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. நடுத்தர செடான்கள் நான்கு மீட்டரைத் தாண்டியவை, ஆகவே 40. எஸ்யூவி குட்டையாக இருப்பதால் தானாக 18 வந்துவிடாது. மாருதியின் சிறிய எஸ்யூவி பிரெஸ்ஸா நான்கு மீட்டருக்குள்தான், ஆனால் எஞ்சின் 1,462 சி.சி. பெட்ரோல், அதற்கும் 40தான். அடுத்து பாதுகாப்பு. எஸ்யூவி என்றால் கெட்டி, செடான் என்றால் லேசு என்கிற பேச்சை விடுங்கள். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தருகிற குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் நெக்ஸானும் ஐந்து நட்சத்திரம், செடான்களான விர்டஸ், ஸ்லாவியா, ஹூண்டாய் வெர்னாவும் ஐந்து நட்சத்திரம். மூன்றாவது, பின்சீட்டின் நடுவில் யார் உட்காருவார் என்று பாருங்கள். சிறிய எஸ்யூவியில் மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் இடிப்பார்கள். நான்காவது, காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவைக் கட்டாயம் சேருங்கள். வெள்ளத்தில் எஞ்சின் போனால் சாதாரண பாலிசியை நம்பி இருக்க முடியாது. ஐந்தாவது,

வைகை மருமகள்:
தாம்பரம் சார், ஐந்தாவதைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். வரியைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே. காவிரிக்கரை அண்ணா கேட்டது அப்பாவை இறக்காமல் கோயிலுக்குப் போவது எப்படி என்று.

ஆழியாறு வாசி:
மருமகள் சொல்வது சரி. ஆனால் அவர் நெடுஞ்சாலை அமைதியையும்தான் கேட்டார். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: எஸ்யூவியில் அது குறைந்துதான் போனது. பாலத்தின் மேல் குறுக்குக் காற்று அடித்தால் ஸ்டியரிங்கில் தெரிகிறது. மகள் மட்டும் சரியாகிவிட்டால் நான் பழைய வண்டியைத் தேட மாட்டேன்.

நத்தம் சாலை:
இதுவரை யாரும் தொடாத ஒன்று. அம்மாவுக்கு மடக்குச் சக்கர நாற்காலி. செடானின் டிக்கி 500 லிட்டருக்கு மேல் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. நாற்காலியைப் படுக்கவைத்துத் தள்ளினால் பெரிய சக்கரம் மூடியின் வளைந்த கீல் தண்டில் இடித்தது. திருப்பி வைத்தால் மூடி மூடவில்லை. வெயிலில் அம்மா காரில், நான் வெளியே நாற்காலியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறேன். "விட்டுவிடப்பா, நான் வரவில்லை, நீ போய்வா" என்றார். அந்தக் குரலைக் கேட்டபின் எனக்கு ஆறவே இல்லை.

தம்பியின் நெக்ஸானில் டிக்கி 382 லிட்டர்தான். பின்கதவு மேலே வரை திறப்பதால் நாற்காலி நின்றவாக்கில் ஏறிவிட்டது, ஆனால் மேலே இருந்த தட்டைக் கழற்ற வேண்டியிருந்தது, வேறு பைக்கு இடமில்லை. லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். அளக்கும் டேப்பை எடுத்துப் போய் டிக்கி வாயின் அகலம், உயரம், தரையிலிருந்து விளிம்பு எவ்வளவு என்று மூன்றையும் அளந்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.