இவ்வளவு காசு கொடுத்து வெயிலில் நிற்பதில் என்னதான் இருக்கிறது?

ஹூஸ்டன்காரன்:
ஏப்ரல் பிறந்தால் எங்கள் டீமில் பாதிப் பேர் இசைத் திருவிழா என்று லீவு போட்டுவிடுகிறார்கள். கோச்செல்லாவை யூடியூபிலேயே நேரலையாகக் காட்டுகிறார்கள். அதை ஏசியில் உட்கார்ந்து பார்க்காமல், கலிஃபோர்னியா பாலைவனத்தில் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு புழுதி தின்பானேன்? மனைவி ஒருமுறை போகலாம் என்கிறாள். ஆறு வயது மகளும் கூட வருவாள். போனவர்கள் சொல்லுங்கள்.

தகரத்தாளம்:
பெரிய மேடைக்காக மட்டும் போவதென்றால் நீங்கள் சொல்வது சரி. அங்கேயும் திரையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். போஸ்டரில் கொட்டை எழுத்தில் இருப்பவர்களை யூடியூபுக்கு விட்டுவிடுங்கள். நான் போவது அடியில் பொடி எழுத்தில் இருப்பவர்களுக்காக.

எனக்கு எங்கள் ஊர் நியூ ஆர்லியன்ஸின் ஜாஸ் ஃபெஸ்ட்தான். 1970-இல் தொடங்கியது, 1972-இலிருந்து குதிரைப் பந்தய மைதானத்தில் நடக்கிறது. பெயரில்தான் ஜாஸ். உள்ளே காஸ்பல் என்கிற கிறிஸ்தவ பக்திப் பாட்டு, ப்ளூஸ், லூசியானா பிரெஞ்சுக்காரர்களின் கேஜன் இசை எல்லாம் உண்டு. மதியம் காஸ்பல் கூடாரத்துக்குப் போங்கள். நிழல், நாற்காலி, மேடையில் ஏதோ ஒரு சர்ச்சின் பாடகர் குழு. போன முறை முன்வரிசையில் ஒரு பாட்டி, கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து, பாடகி ஒரு வரி பாடப் பாட இவர் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பாடகி மேடை ஓரத்துக்கே வந்து அவரைப் பார்த்துப் பாட ஆரம்பித்துவிட்டார். நேரலைக் கேமரா இதையெல்லாம் எங்கே காட்டப்போகிறது!

அப்புறம் ஸைடெகோ, லூசியானா கறுப்பின மக்களின் ஆட்ட இசை. அக்கார்டியன் பக்கத்தில் ஒருவர் நெளிநெளியான தகரத்தைக் கவசம் மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு, பாட்டில் ஓப்பனரால் சரசரவென்று சுரண்டுவார். மேடைக்கு அருகே நின்றால் அந்தச் சத்தம் பல்லில் தெரியும். திடீரென்று கூட்டத்துக்கு நடுவே மார்டி கிரா இந்தியன்ஸ் ஊர்வலம் வரும். நம் ஊர் இந்தியர்கள் இல்லை, அமெரிக்கப் பழங்குடிகளைப் போல வேடம் போடும் நியூ ஆர்லியன்ஸ் கறுப்பின மக்கள். இறகும் பாசிமணியுமாக மாதக்கணக்கில் தங்கள் கையாலேயே தைத்த உடை. ஒதுங்கி வழிவிட வேண்டும், அவ்வளவு அகலம்!

கூடாரவாசி:
தகரத்தாளம் சார் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். டென்னஸியில் பானரூ இசை விழாவுக்குப் போனால் பண்ணையிலேயே கூடாரம் போட்டுத் தங்கலாம். பாதி சுகம் பக்கத்துக் கூடாரத்துக்காரர்களோடு அரட்டைதான். ஆனால் குழந்தையோடு ஜூன் வெயிலில் வேண்டாம். காசுதான் பிரச்சினை என்றால் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹார்ட்லி ஸ்ட்ரிக்ட்லி ப்ளூகிராஸ் என்ற விழா இருக்கிறது. 2001-இல் வாரன் ஹெல்மன் என்ற பணக்காரர் ஆரம்பித்தது, இன்றைக்கும் இலவசம். கோல்டன் கேட் பூங்காவுக்குள் நடந்து போக வேண்டியதுதான்.

ஹூஸ்டன்காரன்:
நியூ ஆர்லியன்ஸ் என்றால் காரிலேயே போய்விடலாம். மகளுக்குச் சத்தம் தாங்குமா?

தகரத்தாளம்:
குழந்தைகளுக்கென்றே தனிக் கூடாரம் இருக்கிறது. காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் மாதிரி ஒன்று விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் பக்கம் நிற்க வேண்டாம். மாலை ஏழு மணிவாக்கில் எல்லாம் முடிந்துவிடும், அவளும் நேரத்துக்குத் தூங்கலாம். காரை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு கெனால் ஸ்ட்ரீட்கார் (டிராம்) பிடியுங்கள், மைதானத்தைச் சுற்றி பார்க்கிங் கிடைப்பது குதிரைக் கொம்பு. மழை பெய்தால் பந்தயப் பாதை சேறாகிவிடும். பழைய ஷூ போதும்.