ஏதென்ஸில் ஐந்து விரல் காட்டிய கதை

ஏதென்ஸில் கிப்செலி பகுதியில், ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் நான்கு வருடம் குடியிருந்தேன். கிளம்பும்போது எல்லோரும் பயமுறுத்தியது கிரேக்க எழுத்தைச் சொல்லித்தான். அது இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. என்னைக் கவிழ்த்தவை பார்க்க நம்மூர் மாதிரியே இருந்த விஷயங்கள்.

முதல் வாரம் தெருமுனைக் கடையில் கொத்தமல்லித் தழை கேட்டேன். கடைக்காரர் புருவத்தை உயர்த்தி, மோவாயை லேசாகத் தூக்கி, 'ச்' என்றார். மோவாயைத் தூக்கினால் நமக்கு 'என்ன வேணும்?' என்றுதானே அர்த்தம்? காதில் விழவில்லை போல என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன். மறுபடியும் மோவாய். மூன்றாவது தடவை கிட்டத்தட்டக் கத்தினேன். அந்த மனிதர் பாவம், 'இல்லை, இல்லை, இல்லை' என்று மூன்று முறை பதில் சொல்லியிருக்கிறார். அங்கே எல்லாக் கடையிலும் கிடைப்பது பார்க்கக் கொத்தமல்லி மாதிரியே இருக்கும் பார்ஸ்லித் தழைதான். போதாக்குறைக்கு 'ஆமாம்' என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் 'நே'. ஏதோ மறுக்கிறார்கள் என்றே ஒரு மாதம் வரை காதில் விழுந்தது. 'இல்லை' என்பது 'ஓஹி'.

அடுத்தது சந்தை. வாரம் ஒரு நாள் ஒரு தெருவையே அடைத்துக் கடை போடுவார்கள், லைகி என்று பெயர். கூட்டத்தில் என் குரல் எடுபடாததால், ஐந்து கிலோ ஆரஞ்சுக்கு ஐந்து விரலையும் விரித்து வியாபாரியின் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவர் கூவுவதை நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்ற பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கை என் பக்கம் பார்க்கும்படி திருப்பிவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

விரித்த உள்ளங்கையை முகத்துக்கு எதிரே காட்டுவது அங்கே கெட்ட வசவு. மூன்ட்சா என்பார்கள். அந்தக் காலத்தில், பைசாந்தியப் பேரரசு அங்கே ஆண்டபோது, குற்றவாளியின் முகத்தில் சாம்பல் கரியை அப்பி, கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுவார்களாம், அதிலிருந்து வந்தது என்கிறார்கள். நம்மூரில் கரும்புள்ளி செம்புள்ளி குத்துவதும் இதே வகைதான். இரண்டு கையாலும் காட்டினால் வசவும் இரட்டிப்பு. சிக்னலில் தகராறு வந்தால் கார் ஜன்னலிலிருந்து கை தானாக வெளியே நீளும்.

இதில் இன்னொரு கூத்து. எங்கள் கூடத்தில் முருகன் காலண்டர் மாட்டியிருந்தேன், அபய ஹஸ்தத்தோடு. வெந்நீர் ஹீட்டரைப் பார்க்க வந்த வீட்டுக்காரர் அதன் எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இவருக்கு யார்மேல் கோபம்?" என்று கேட்டார். அவர்கள் தேவாலயப் படங்களில் ஆசீர்வதிக்கும் கையில் விரல்கள் மடங்கித்தான் இருக்கும். புரியவைக்க ஒரு காபி ஆயிற்று.

மதியம் மிக்ஸி போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லவேண்டும். கோடையில் 3 மணி முதல் 5.30 வரை ஓய்வு நேரம், சத்தம் போடக்கூடாது என்று விதியே உண்டு. தேங்காய்ச் சட்னி பாதியில் நின்றது. கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டிக் கடிகாரத்தைக் காட்டினார், திட்டவில்லை. மாலையில் அவரே ஒரு தட்டு எலுமிச்சையோடு மேலே வந்தார்.

அந்த அம்மாள்தான் பிற்பாடு எங்களுக்கு 'யாயா', அதாவது பாட்டி. எங்கள் மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று குழந்தையை எட்டிப் பார்த்து, "எவ்வளவு அழகு" என்றவர், உடனே அதன் பக்கம் திரும்பி ஃப்து, ஃப்து, ஃப்து என்று மூன்று முறை துப்புகிற மாதிரி ஊதினார். என் மனைவி அசரவே இல்லை. இரண்டு நாள் கழித்துக் குழந்தை விடாமல் அழுதபோது, யாயா ஒரு கிண்ணம் தண்ணீரில் எண்ணெய்த் துளிகளை விட்டு, ஏதோ முணுமுணுத்தபடி உற்றுப் பார்த்தார். துளி தண்ணீரில் கலைந்து பரவினால் கண் பட்டிருக்கிறது என்று கணக்கு. கலைந்தது. சிலுவைக் குறி போட்டார். குழந்தை தூங்கியது, அழுத களைப்பில் என்பது என் கட்சி.

வீடியோ காலில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "அது என்ன எண்ணெய்டா? நல்லெண்ணெயா?"

ஆலிவ் எண்ணெய் என்றேன். "சரி, நாளைக்கு உப்பு மிளகாயும் சுத்திப் போடச் சொல்லு" என்றார்.