நொய்யலை ஒன்பதாம் வகுப்பில் எப்படி நடத்துவது?

ஒன்பது_ஆ_டீச்சர்
வணக்கம். திருப்பூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படையும் என் தலையில்தான். நன்னீர் என்றாலே நீர்ச்சுழற்சிப் படம் வரையச் சொல்லி, "நீரின்றி அமையாது உலகு" எழுதிப் போட்டு முடித்துவிடுகிறோம். பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடை எந்த ஆற்றில் சேருகிறது என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

இந்தப் பருவத்தில் நொய்யலை எடுத்துக்கொள்ளப் போகிறேன். முதலில் வரைபடம்: வெள்ளியங்கிரி அடிவாரம், கூடுதுறை, சித்திரைச்சாவடி அணைக்கட்டு, கோவைக் குளங்கள், சூலூர், திருப்பூர், ஒரத்துப்பாளையம் அணை, கடைசியில் கரூர் மாவட்டத்தில் காவிரி. சுமார் 180 கி.மீ. அடுத்து, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் அளவெடுப்பு. மூன்றாவதாக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உத்தரவு. ஆயக்கட்டு விவசாயி, பட்டறை முதலாளி, தொழிலாளி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நீதிபதி என்று வகுப்பை ஐந்தாகப் பிரித்து, வாதாடி அவர்களே ஒரு முடிவெடுக்க வேண்டும்.

சக ஆசிரியர் ஒருவர், "இந்த ஊரில் இது வேண்டாம்" என்கிறார். உங்கள் கருத்து?

பனியன்_ஊர்
அவர் சொன்னதுதான் சரிங்க டீச்சர். நான் ஜாப் ஒர்க் பட்டறையில், அதாவது அடுத்தவங்க துணிக்குக் கூலிக்குச் சாயம் போடற பட்டறையில் பங்குதாரர். 2011ல் 700க்கும் மேற்பட்ட பட்டறைக்கு ஒரே நாளில் கரண்ட் கட் பண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. துணி வெளியூருக்குச் சாயத்துக்குப் போச்சு, ஆளுங்க மூட்டையைக் கட்டிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. அந்த வீட்டுப் பிள்ளைகள் இப்போ உங்க வகுப்பில் இருக்கும். என் பொண்ணும் ஒன்பதாவதுதான். சாயங்காலம் வந்து "அப்பா, நீங்கதான் ஆத்தைக் கெடுத்தீங்களா"ன்னு கேட்கணுமா? அதுக்கா பள்ளிக்கூடம் அனுப்பறேன்?

கீழ்க்கரைக்காரன்
கேக்கட்டுமே. கேட்டா என்னங்க தப்பு?

எனக்கு இந்த நாடகமே பிடிக்கல, ஆனா காரணம் வேற. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ எங்க காடு. 1992ல அணை கட்டுனப்ப மேல இருந்து நல்ல தண்ணி வரும்னு வாய்க்கா வெட்டிக் காத்துட்டிருந்தோம். வந்தது சாயத்தண்ணி. பாசனத்துக்குக் கட்டுன அணையைக் கோர்ட்டு சொல்லிக் காலியா வெச்சிருந்த கதை வேற எங்கயாச்சும் உண்டா? கெணறெல்லாம் உப்பு. இதை அஞ்சு கட்சியாப் பிரிச்சுப் பதினாலு வயசுப் பிள்ளைகளை விட்டு ஓட்டெடுக்கறதா? விவசாயி வேஷம் போட்ட பையன் கூச்சப்பட்டுப் பேசாம நின்னா நாங்க தோத்தமா?

ஒன்பது_ஆ_டீச்சர்
ஓட்டெடுப்பு இல்லை ஐயா. எல்லாத் தரப்பையும் கேட்டபின் காரணம் சொல்லி முடிவெடுப்பதுதான் பயிற்சி. நாளைக்கு அவர்கள் ஊரில் இன்னொரு ஆலை வரும், கிராமசபையில் உட்காருவார்கள். அன்று கேள்வி கேட்க இன்று பழக வேண்டாமா?

கீழ்க்கரைக்காரன்
கிராமசபைல பேசலாம் டீச்சர், பேசட்டும். ஆனா இது பேசி முடிவு பண்ணுன விஷயமே இல்லை. உள்நாட்டு நீர்நிலைல விடற கழிவுல கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுங்கறது விதி. கெடுத்தவனே செலவைக் கட்டணும்னு 1996ல வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்குலயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. 2006ல ஹைகோர்ட்டு லிட்டருக்கு இத்தனை பைசான்னு அபராதம் போட்டுச்சு. 2009 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு மூணு மாசம் கெடு குடுத்துச்சு. அதுக்கும் மதிப்பில்லாமப் போய், அவமதிப்பு வழக்குலதான் 2011 உத்தரவு. இத்தனை வருசத்தை ஒரு பீரியடுல "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு"ன்னு முடிச்சா, சட்டமே பேரம் பேசற சமாச்சாரம்னு பிள்ளைக மனசுல பதியும்.

பேரூர்ப்_படித்துறை
மேல்கரையிலிருந்து ஒரு குரல். திருப்பூர்க்காரர்களையே திட்டிக்கொண்டிருக்க வேண்டாம். நொய்யல் கோவையைத் தாண்டும்போதே சாக்கடைதான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. "நொய்யல் வடிநிலம்" என்று கோடு போட்டு அதற்குள் எல்லாம் அடங்கும் என்று கற்பித்தால் பிள்ளைகளுக்குத் தவறான படம்தான் கிடைக்கும். கோவை குடிப்பது சிறுவாணியும் பில்லூரும், இரண்டும் பவானியைச் சேர்ந்தவை. சிறுவாணி அணை இருப்பதோ கேரளத்தில். திருப்பூருக்கும் பவானித் தண்ணீர்தான் குழாயில் வருகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்து, குளித்து, சாயம் போட்டு நொய்யலில் விடுகிறோம். 2024ல் திறந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம்கூட காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி 1.5 டிஎம்சியை மேடேற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கிறது. இந்த இரவல் கணக்கைச் சொல்லாமல் 2011ஐ மட்டும் நடத்துவது அரைப் பாடம். உங்கள் நாடகத்தில் பவானிக் கரைக்காரருக்கு நாற்காலியே இல்லையே?

ஒன்பது_ஆ_டீச்சர்
இது முக்கியம், குறித்துக்கொண்டேன். குழாயைத் திறந்து "இது எந்த ஆறு?" என்று கேட்டே முதல் வகுப்பைத் தொடங்கலாம்.

பாடத்திட்டம்_முக்கியம்
எல்லாம் சரி, இது எத்தனை மார்க்? அடுத்த வருஷம் பத்தாவது. மூணு வாரம் ஆத்தங்கரையில் சுத்தினா போர்ஷன் யார் முடிப்பா?

பேரூர்ப்_படித்துறை
சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991லேயே உத்தரவிட்டது, ஐயா. முப்பது வருடம் தாண்டியும் "எத்தனை மார்க்" என்பதிலேயே நிற்கிறோம்.

ஆவியாக்கி
பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். டிடிஎஸ் மீட்டர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேணும் டீச்சர்.

அந்த மீட்டர் அளப்பது மின்கடத்தலை. அதிலிருந்து கரைஞ்ச உப்பைக் கணக்குப் போட்டுக் காட்டும், அவ்வளவுதான். கிருமியோ கன உலோகமோ இருந்தா அதில் தனியாத் தெரியாது. மனிதக் கழிவு கலந்த தண்ணியில் நம்பர் குறைவாகவே காட்டலாம். அதைப் பார்த்து "கோயமுத்தூரில் தண்ணி நல்லா இருக்கு, திருப்பூரில்தான் கெட்டுப்போச்சு"ன்னு பசங்க எழுதிட்டு வருவாங்க. ஆர்.ஓ. மெஷின் (சவ்வு வழியாத் தண்ணியை வடிச்சு உப்பைப் பிரிக்கறது) விற்க வர்றவங்க வீட்டில் காட்டற வித்தையும் இதேதான். குடிநீருக்கு 500 நல்லது, வேற வழியில்லைன்னா 2,000 வரைக்கும்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. நம்ம ஊர் போர் தண்ணி பல இடத்தில் அதைத் தாண்டும்.

அப்புறம், பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஒட்டறதுக்கு உப்பு வேணும். ஒட்டி முடிச்சதும் அந்த உப்பு முழுசாத் தண்ணியோட வெளியே வரும். நிறத்தை எடுக்கறது பெரிய வேலை இல்லை, உப்பை எடுக்கறதுதான். ஒரு லிட்டரில் 6 கிராம் உப்புன்னு வெச்சுக்கங்க, 10 லட்சம் லிட்டருக்கு 6 டன். ஆர்.ஓ. போட்டா நல்ல தண்ணி ஒரு பக்கம், கெட்டியான உப்புத் தண்ணி இன்னொரு பக்கம். அதை ஆவியாக்கியில் கொதிக்கவெச்சு உப்பாக்கறோம். கொஞ்சம் உப்பு மறுபடி பட்டறைக்கே போகும். கலப்பு உப்பு மூட்டை மூட்டையா ஷெட்டில் கிடக்கும். கொதிக்கவைக்க எரிபொருள் வேற. "பூஜ்யக் கழிவு"ன்னு பேர், ஆனா உப்பு எங்கேயும் மாயமாப் போகலை. ஆத்தில் இருந்தது கூரைக்குக் கீழே வந்திருக்கு. அது நல்லதுதான், ஆத்தில் இருக்கறதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனா பசங்க மூட்டையைக் கண்ணால் பார்க்கணும்.

பனியன்_ஊர்
இதைத்தான் நானும் சொல்ல வர்றேன். இன்னைக்குச் சுத்திகரிப்புச் செலவு கிலோவுக்கு இத்தனைன்னு எங்க தலையில் விழுது. பனியனை வாங்கிப் போடறவர் வெளிநாட்டில் இருக்கார், அவர் விலையை ஏத்தித் தர்றாரா? டீச்சரோட அஞ்சு கட்சியில் அவர் எங்கே?

கீழ்க்கரைக்காரன்
அதுல உங்க பக்கம் நியாயம் இருக்கு. வாங்கறவனையும் கூண்டுல ஏத்துங்க. ஆனா அண்ணா, அவன் விலை ஏத்தலைங்கறதுக்காக எங்க கெணத்துல உப்பு ஏறலாம்னு ஆயிடாது.

டீச்சர், நாடகம் போட்டே ஆகணும்னா ஒண்ணு சொல்றேன். தீர்ப்பைத் திரும்ப விசாரிக்காதீங்க. தீர்ப்புக்கு அப்புறம் என்னாச்சுன்னு விசாரிங்க. சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004ல நொய்யல் விவசாயிகளுக்குன்னு ஏறத்தாழ 24.8 கோடி நிர்ணயிச்சுது. 28 ஆயிரத்துக்கு மேல விவசாயிக. தலைக்கு எவ்வளவுன்னு பிள்ளைகளை வகுக்கச் சொல்லுங்க. எட்டாயிரத்துச் சொச்சம் வரும். அதுல ஒரு தென்னை காப்புக்கு வருமா, ஒரு ஏக்கர் மண்ணு திரும்புமா, நல்ல தண்ணிக்கு எத்தனை லாரி வாங்கலாம்னு கேளுங்க. கணக்கு வாத்தியாருக்கும் மார்க் ஆச்சு.

ஒன்பது_ஆ_டீச்சர்
மாசுக்குச் சட்டம் போட்ட கோடு எங்கே என்பது வாதத்துக்கு உரியதல்ல, அந்தக் கோட்டைக் கடைப்பிடிக்கும் பாரத்தை யார் எப்படிச் சுமப்பது என்பதுதான் வாதம். நீங்கள் சொல்வதை இப்படி எடுத்துக்கொள்கிறேன், சரிதானே? அப்படியென்றால் நீதிபதி வேஷமே தேவையில்லை. பவானிக்காரரும் வெளிநாட்டு வியாபாரியும் அந்த இடத்தில் வரட்டும். ஆனால் முதலாளி தரப்பை நீக்க மாட்டேன். அவர்கள் பேசாத வகுப்பு வகுப்பல்ல, பிரசாரம்.

ஆவியாக்கி
இன்னொண்ணு. பெரிய முடிவையெல்லாம் பசங்க எடுக்கறது பாவனைதான். நிஜமாவே எடுக்கக் கூடிய முடிவு ஒண்ணு குடுங்களேன். உங்க பள்ளியில் ஆர்.ஓ. மெஷின் இருக்கா? அதில் ஒதுங்கற தண்ணி எங்கே போகுது?

ஒன்பது_ஆ_டீச்சர்
இருக்கிறது. சுவரோரமாகக் குழாய் போட்டு வேப்பமரத்தடியில் விட்டிருக்கிறார்கள்.

ஆவியாக்கி
அப்போ உங்க பள்ளிக்கூடமும் ஒரு குட்டிப் பட்டறைதான். உப்பைப் பிரிச்சு நல்லதைக் குடிச்சிட்டு மிச்சத்தை மண்ணில் விடறீங்க. அந்தத் தண்ணியை அளக்கச் சொல்லுங்க. கழிவறைக்குத் திருப்பலாமா, மழைநீரை போரில் சேர்த்து உப்பைக் குறைக்கலாமா, மரத்துக்கு விட்டா எத்தனை வருஷம் தாங்கும்னு பசங்க முடிவெடுக்கட்டும். 2003லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாச்சு. உங்க தொட்டி அடைச்சிருக்கா திறந்திருக்கான்னும் பார்க்கட்டும். யார் அப்பா மேலேயும் பழி வராது.

கீழ்க்கரைக்காரன்
பழி வராதுங்கறதுக்காக வேப்பமரத்தோட நிறுத்திக்காதீங்க டீச்சர். மரத்தடில ஆரம்பிச்சு ஒரத்துப்பாளையம் வரைக்கும் கூட்டிட்டு வாங்க. மழை முடிஞ்ச கையோட வந்தா நம்பர் கம்மியாக் காட்டும், பங்குனி சித்திரைல வாங்க. எங்க கெணத்துல வாளி எறக்கி அளக்கலாம். ஆத்துத் தண்ணியைப் பிள்ளைக கையால தொட வேண்டாம், கயித்துல கட்டி எடுக்கலாம்.

பனியன்_ஊர்
நான் இன்னும் ஒத்துக்கலைங்க. விவசாயி நஷ்டத்துக்கு ஆணையம் இருந்தது, கோடிக்கணக்கு இருந்தது, வகுத்தாச்சு. 2011ல் வேலை போன தொழிலாளிக்கு யார் கணக்கு எழுதினாங்க? அதையும் அந்த வகுத்தலுக்குப் பக்கத்தில் வெச்சாத்தான் அனுமதிக் கடிதத்தில் என் கையெழுத்து.

ஒன்பது_ஆ_டீச்சர்
அந்தக் கணக்கு எங்கே கிடைக்கும்?

பனியன்_ஊர்
எங்க தெருவில்தான். ஞாயித்துக்கிழமை பசங்களை நோட்டோட அனுப்புங்க, வீடு வீடாக் கேட்கட்டும். என் வீட்டில் என் பொண்ணே கேட்கட்டும்.

கீழ்க்கரைக்காரன்
அதே நோட்டோட எங்க ஊருக்கும் வரட்டும். பஸ் ஏற்பாடு யாரு?

பாடத்திட்டம்_முக்கியம்
அரையாண்டுக்கு முன்னாடி வேண்டாம். அவ்வளவுதான் என் கோரிக்கை.